முதல் கம்பி பேசும்வரை

தூத்துக்குடி பாய்மரத் தெருவில் எமல்டாவுக்குக் காத்திருக்கத் தெரியாது என்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. பால் பொங்கும்வரை நிற்கமாட்டாள், மழை விடும்வரை ஒதுங்கமாட்டாள், பூசையில் சாமியார் கடைசி ஆசீர் கொடுத்துக் கையை இறக்குவதற்குள் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பாள், துறைமுகச் சாலையில் லாரிகளை ஏற்றி எடை போடும் எடைமேடையில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருந்து, ஜன்னலுக்கு வெளியே எந்த முகம் தெரிந்தாலும் "அடுத்து" என்று சொல்வது அவளுக்கு மூச்சுவிடுவதுபோல ஆகிப்போயிருந்தது. ஆனால் கிட்டாரை மடியில் எடுத்துவிட்டால் அதே கை வேறு கையாகிவிடும் என்பதும் தெருவுக்குத் தெரியும். கோயில் பாடற்குழுவில் அவள் வாசித்தால், பாட்டே தெரியாதவர்கள்கூடச் சரியான இடத்தில் வாயைத் திறந்தார்கள்.

அந்தக் கையை நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்கட்டும் என்று பங்குச் சாமியார் கேட்டுக்கொண்டார். இரண்டு வருடத்தில் பத்தொன்பது பேர் வந்தார்கள். பத்தொன்பது பேரும் மூன்றாம் நாளைத் தாண்டவில்லை. "ஒங்களுக்கு இது வராது, விடுங்க" என்பாள் எமல்டா, கோபமாகக்கூட இல்லை, லாரிக்காரனிடம் எடைச் சீட்டை நீட்டுகிற மாதிரி. வந்தவர்கள் சீட்டை வாங்கிக்கொண்டதுபோலவே எழுந்து போய்விடுவார்கள்.

வீடியோ எடுக்கலாம் என்ற யோசனை ஃபுளோராவுடையது. ஃபுளோரா, எமல்டாவின் புருஷன் பெர்க்மான்ஸுக்கு அக்கா. அதே வளவில் அடுத்த வீட்டில் தையல் மிஷின் போட்டிருந்தாள்.

"ஏட்டி, நேர்ல பாத்தாத்தானே ஆளுவ பயப்படுதாவ. போன்ல பாத்தா நீ கத்துனாலும் சத்தத்தைக் கொறைச்சிக்கிடலாம்லா" என்றாள்.

"நான் எங்க மைனி கத்துதேன்?"

"இப்ப பேசுதேல்லா, இதுதான்."

ஒரு சனிக்கிழமை மத்தியானம் புறவாசல் சுவரில் ஃபுளோராவின் நீலப் புடவையை ஆணியடித்துத் தொங்கவிட்டு, அதன் முன்னால் ஒரு மர முக்காலியைப் போட்டு, தையல் மிஷினை வெளியே தூக்கிவந்து, அதன்மேல் நூல்கண்டுப் பெட்டிகளை அடுக்கி, அதில் போனைச் சாய்த்து நிறுத்தினார்கள். முதல் தடவை எடுத்தபோது மீன்காரர் கூவினார், இரண்டாம் தடவை பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடியது, மூன்றாம் தடவை காக்கை, நான்காம் தடவை போன் விழுந்தது, ஐந்தாம் தடவை புடவை விழுந்தது, ஆறாம் தடவை எல்லாம் சரியாக முடிந்தபிறகு பார்த்தால் ஃபுளோரா பதிவு செய்யும் பொத்தானை அழுத்தவே இல்லை. ஏழாம் தடவை எடுக்கும்போது மணி நாலு. வெயில் புடவையின் பாதிவரை ஏறியிருந்தது. நடுவில் குக்கர் விசில் அடித்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

ஜி, ஈ மைனர், சி, டி என்று நாலு கார்டு; ஒவ்வொன்றும் பல கம்பிகளை ஒரே வீச்சில் சேர்த்து எழுப்பும் சுரக்கொத்து. எந்த விரல் எந்தக் கம்பியில் என்று காட்டி, "வாசிங்க பாப்போம்" என்று சொல்லி, அந்தச் சொல் வாயைவிட்டு இறங்குவதற்குள் அடுத்த கார்டுக்குத் தாவினாள் எமல்டா.

"கொஞ்சம் பொறுத்தா என்னட்டீ? அவிய வாசிச்சுப் பாக்க வேண்டாமா?" என்றாள் ஃபுளோரா எடுத்து முடித்ததும்.

"எவிய? இங்க எதிர்ல ஒங்க தையல் மிஷின்தான் இருக்கு."

பதினொரு நிமிட வீடியோ. அன்று சாயங்காலமே யூட்டியூபில் ஏற்றினார்கள். சரக்குக் கப்பலில் இயந்திர அறை ஃபிட்டராக வேலை செய்த பெர்க்மான்ஸ் அப்போது கொச்சியில் கப்பலேறக் காத்திருந்தான்; கடலுக்குள் போய்விட்டால் சிக்னல் கிடைக்காது என்று ஃபுளோரா அவன் போனுக்கும் அதை அனுப்பிவைத்தாள்.

பாய்மரத் தெருவில் அதை முதலில் பார்த்தவர் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் இஞ்ஞாசி. அறுபதை நெருங்கும் ஆள். பத்தொன்பது பேரில் பதினான்காவதாக வந்து போனவர். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு, கட்டிலில் கிட்டாரோடு உட்கார்ந்து, போனை எதிரே வைத்துக்கொண்டு பார்த்தார். வீடியோவில் எமல்டா ஜி கார்டைக் காட்டினாள். "வாசிங்க பாப்போம்" என்றாள். பிறகு மடியில் கையை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். வீடியோ நின்றுவிட்டது என்று இஞ்ஞாசி நினைத்தார். நிற்கவில்லை, அவளுக்குப் பின்னால் நீலப் புடவை லேசாக அசைந்துகொண்டிருந்தது, மதில்மேல் ஒரு காக்கை இறக்கையைக் கோதிக்கொண்டிருந்தது. இஞ்ஞாசி தயங்கித் தயங்கி வாசித்தார். கம்பி அதிர்ந்து இரைந்தது.

"அண்ணாச்சி, மூணாவது விரலு ஃப்ரெட்டுப் பட்டை மேலயே உக்காந்திருக்கு" என்றாள் வீடியோவிலிருந்த எமல்டா. "கொஞ்சம் பின்னால தள்ளி வைங்க. அவசரமில்ல."

அவர் தள்ளி வைத்தார். மறுபடி இரைந்தது. "பரவால்ல, இன்னொரு தடவை" என்றாள். நாற்பது தடவை அவர் வாசித்தார், நாற்பது தடவையும் அவள் கேட்டாள், ஒவ்வொரு தடவையும் எந்த விரல் என்று சொன்னாள், குரல் ஒரு இழைகூட ஏறவில்லை. ஜி கார்டு சுத்தமாக விழுந்தபோது ஒன்றரை மணிநேரம் ஆகியிருந்தது. அவள் தலையசைத்துவிட்டு ஈ மைனருக்குப் போனாள்.

மறுநாள் இஞ்ஞாசி எடைமேடைக்கு நடந்தே போய் ஜன்னலருகே நின்றார்.

"அடுத்து" என்றாள் எமல்டா.

"நான் லாரி இல்லம்மா, இஞ்ஞாசி. நேத்து எனக்காக ஒன்றரை மணிநேரம் பொறுத்திருந்தியே, அதுக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"நானா? ஒங்களுக்கு வெயில் ஏறிட்டு அண்ணாச்சி. தள்ளி நில்லுங்க, பின்னால பதினாறு சக்கரம் நிக்குது."

ஆனால் அந்த வாரத்துக்குள் தெருவில் ஒன்பது வீட்டில் அதே கதை நடந்துவிட்டது. வீடியோவை யார் போட்டாலும், அவர்கள் சரியாக வாசிக்கும்வரை எமல்டா காத்திருந்தாள். ஒரு வீட்டில் ஜி கார்டில் காத்திருந்தாள், ஒரு வீட்டில் சி கார்டில் காத்திருந்தாள், தோஹாவில் கிரேன் ஓட்டும் ஒருவனுடைய போனில் நான்கு நாட்களாகக் காத்திருப்பதாக அவன் தன் அம்மாவிடம் சொன்னான். பாடத்தைத் தவிர வேறு எதுவும் அவள் பேசுவதில்லை; யாராவது ஊர்க்கதை சொன்னால் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு "வாசிங்க பாப்போம்" என்பாள். ஆனால் பெரியவர்களை அண்ணாச்சி என்றும் பெண்களை அக்கா என்றும் ஆளறிந்துதான் கூப்பிட்டாள்.

இது எப்படி நடக்கிறது என்று முதல் வாரம் பேசினார்கள். இரண்டாவது வாரம், இதை எப்படி மரியாதையாக நடத்துவது என்பதுதான் பேச்சாக இருந்தது. ஒருத்தி நம் வீட்டில் வந்து உட்கார்ந்து நமக்காகக் காத்திருக்கும்போது வீடியோவை நிறுத்திவைப்பது முகத்தில் கதவைச் சாத்துவது மாதிரி இல்லையா என்று சிலர் கேட்டார்கள்; அதனால் போனைச் சார்ஜில் போட்டே வைத்தார்கள். கடைக்குப் போகும்போது "இந்தா வாரேன்" என்று போனிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். சாப்பிடும்போது அவளைப் பார்க்கவைத்துச் சாப்பிடக் கூடாது என்று போன்மேல் ஒரு கைக்குட்டையைப் போட்டார்கள். ஏப்ரல் முடிந்து வெயில் கொளுத்தியபோது மேசை விசிறியைப் போன் பக்கம் திருப்பிவைத்தார்கள். நீலப் புடவை கொஞ்சம் கூடுதலாக அசைவதாகச் சத்தியம் செய்தார்கள். பங்குச் சாமியார் பூசை முடிவில் அறிவிப்புகள் வாசிக்கும்போது, "எமல்டாவிடம் படிக்கிறவர்கள் அவரை வீட்டில் தனியாக விட்டுவிட்டு வெளியூர் போக வேண்டாம்" என்று சேர்த்து வாசித்தார். எமல்டா அப்போது செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

பஜாரில் இருந்த இசைக்கருவிக் கடையில் கிட்டார் தீர்ந்து, மதுரையிலிருந்து மறுபடி வந்து, அதுவும் தீர்ந்தது. கிட்டாரைத் தொடவே விரும்பாதவர்களும் வீடியோவைப் போட்டு வைத்தார்கள். மீன் கம்பெனியில் இறால் உரித்துவிட்டுத் தனி வீட்டுக்குத் திரும்பும் ரீட்டா, ஒரு பழைய கிட்டாரைச் சுவரில் சாய்த்துவைத்து, சமைத்துக்கொண்டே போகிறபோக்கில் ஒரு கம்பியைச் சுண்டிவிடுவாள், "அக்கா, இது தனிக் கம்பி. எல்லாம் சேந்து வரணும்" என்று போனிலிருந்து பதில் வரும், அது போதும் அவளுக்கு.

எமல்டாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு எரிச்சல் வந்தது, பிறகு, யார் சொன்னாலும் நம்பக்கூடாது என்று தன் போனில் வீடியோவைப் போட்டுப் பார்த்தாள். அவள் கிட்டாரோடு உட்கார்ந்ததும் கை தானாகச் சரியாக வாசித்தது. சரியாக வாசிப்பவளுக்காகக் காத்திருக்க ஒன்றுமில்லை, வீடியோ எடுத்த வேகத்திலேயே ஓடி முடிந்தது. வேண்டுமென்று தப்பாக வாசிக்கப் பார்த்தாள். விரல் ஒப்பவில்லை. அதனால் வேலை முடிந்து திரும்பும்போது வீடுவீடாகப் போனாள். எடைமேடையிலிருந்து வந்த சட்டைத்தூசியோடு வாசலில் நின்று, "கொஞ்சம் பாத்துட்டுப் போறேன்" என்பாள்; உள்ளே போய், கைக்குட்டையை விலக்கி, அங்கே உட்கார்ந்திருக்கும் தன் முகத்தைப் பார்ப்பாள். அது அவளுடைய முகம்தான். மூக்கின் ஓரத்து மச்சம்கூட இருந்தது. ஆனால் அந்தக் கண், எதிரே இருப்பவர் விரல்மேல் வைத்த பார்வையை எடுக்காமல், வேறு எந்த வேலையும் உலகத்தில் இல்லாததுபோல அப்படி அமைதியாக இருந்தது. வீட்டுக்கு வந்து கண்ணாடியின் முன்னால் நின்று அதேபோலப் பார்க்க முயன்றாள் எமல்டா. ஐந்து எண்ணுவதற்குள் அடுப்பில் எதையோ வைத்தது ஞாபகம் வந்துவிட்டது.

நாலு கார்டையும் முதலில் முடித்தவர் இஞ்ஞாசிதான். டி கார்டு சுத்தமாக விழுந்ததும் வீடியோவிலிருந்த எமல்டா "அவ்வளவுதான்" என்று சொல்லி எழுந்தாள், முன்னால் வந்தாள், அவள் உள்ளங்கை திரையை மூடியது. அதன்பிறகு அவர் எத்தனை தடவை போட்டாலும் அவசரக்கார எமல்டா ஒருத்தி வந்து பதினொரு நிமிடத்தில் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டுப் போனாள். வேறு போனை வாங்கிப் போட்டுப் பார்த்தார். அதிலும் அவருக்கு அப்படித்தான் வந்தது. இஞ்ஞாசி ஒருநாள் முழுக்கக் கடையைத் திறக்கவில்லை.

அவர் கதை தெருவில் பரவியதும் பாய்மரத் தெருவில் யாருக்கும் சி கார்டு வராமல் போயிற்று. ஈ மைனர் வரைக்கும் தங்கமாக வந்தவர்களுக்கும் வரவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குத் தெருவில் நடந்தால் இருபது வீட்டிலிருந்து, முதல் கம்பி மட்டும் செத்துப்போன சி கார்டு கேட்டது. இருபது எமல்டாக்கள் "முதல் கம்பி பேசலை, ஆள்காட்டி விரலை நிமித்துங்க, அவசரமில்ல" என்று சொல்வது கேட்டது. நன்றாகப் படித்த தெரு இப்படி மோசமாக வாசிப்பதை எமல்டாவால் தாங்க முடியவில்லை. காதில் பஞ்சை வைத்துக்கொண்டு நடந்தாள்.

நவம்பரில் பெர்க்மான்ஸ் கப்பலிலிருந்து இறங்கி வந்தான்.

அவன் சத்தமில்லாத ஆள். கல்யாணமான முதல் மாதம், ஒன்பது வருடத்துக்கு முன்னால், "எனக்கும் கிட்டார் சொல்லிக்கொடு" என்று கேட்டான். மூன்றாம் நாள் எமல்டா, "ஒங்களுக்கு இது வராது, விடுங்க" என்று சொன்னாள். அவன் சிரித்துக்கொண்டே கிட்டாரை அவள் கையில் திருப்பிக் கொடுத்தான். அவள் அதை மறந்தே போய்விட்டாள். கிட்டார் படிக்க வந்தவர்களை எண்ணும்போது அவள் அவனைச் சேர்த்துக்கொண்டதே இல்லை.

வந்த மூன்றாம் நாள் சாயங்காலம் புறவாசலில் கிட்டார் சத்தம் கேட்டது. எமல்டா அடுக்களையில் சாளை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஜி வந்தது, சரியாக. ஈ மைனர் வந்தது, சரியாக. கத்தியைக் கையில் பிடித்தபடியே அப்படியே நின்றாள். தன் புருஷனின் கையில் இப்படி ஒரு சுத்தம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. பிறகு சி வந்தது. முதல் கம்பி செத்திருந்தது.

"ஏங்க, முதல் கம்பி பேசலை" என்றது போனிலிருந்து அவளுடைய குரல். "ஆள்காட்டி விரலைக் கொஞ்சம் நிமித்துங்க. அவசரமில்ல."

மறுபடி வாசித்தான். மறுபடி அதே இடம். ஐந்தாம் தடவை கேட்டபோது எமல்டாவுக்குப் புரிந்துவிட்டது. தெரியாமல் வரும் பிழை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வரும். இது அச்சில் வார்த்ததுபோல ஒரே மாதிரி வந்தது. கையைக்கூடக் கழுவாமல் புறவாசலுக்குப் போனாள்.

"வேணும்னே தப்பா வாசிக்கீங்க."

பெர்க்மான்ஸ் நிமிர்ந்து பார்த்தான். மறைக்கவில்லை. "ஆமா" என்றான்.

"என்னத்துக்கு?"

"சரியா வாசிச்சா அவ எந்திச்சுப் போயிருவா."

"போனா என்ன?"

அவன் கம்பிகளைத் துடைத்தான். "ஏழு மாசம் எங்கூட இருந்திருக்கா. நாலு மணி டூட்டி முடிஞ்சு, எண்ணெய்க் கையைக் கழுவிட்டு, சாப்பாட்டு ரூமுல கெடக்குற கிட்டாரை எடுத்து ஒக்காந்தா, அங்க இருப்பா. கடல் கொந்தளிச்சு ஒரு வாரம் கிட்டாரைத் தொட முடியலை. எட்டாம் நாள் போனா, அப்படியே இருக்கா. 'ஏங்க, வாசிங்க பாப்போம்'ங்கா."

"அப்ப நான் யாரு?"

"நீ எமல்டா."

"அவளும் எமல்டாதானே."

"ஆமா. ஆனா நீ என்னைக்காவது என்னைப் பாத்து அவசரமில்லன்னு சொல்லியிருக்கியா?"

சொல்லியிருக்கிறாளா என்று அவள் உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் மிச்ச மீனை ஆய்ந்தாள். இரண்டு நாள் அவர்கள் சோறு, குழம்பு, துண்டு, சாவி என்று பொருள்களின் பெயரை மட்டும் பேசிக்கொண்டார்கள். ஃபுளோரா இரண்டு பக்கமும் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, எந்தப் பக்கமும் நிற்க முடியாமல் தன் மிஷினுக்கே போனாள்.

மூன்றாம் நாள் பெர்க்மான்ஸ் சம்பளக் காகிதத்தில் கையெழுத்துப் போடக் கப்பல் ஏஜெண்டு ஆபீசுக்குப் போயிருந்தான். போன் கூடத்து மேசையில் சார்ஜில் கிடந்தது, மேலே அவனுடைய கைக்குட்டை. எமல்டா வேலைக்குப் போகவில்லை. கைக்குட்டையை எடுத்துவிட்டு, கிட்டாரைத் தூக்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். அவளுக்கு என்ன செய்யவேண்டும் என்று தெரிந்திருந்தது: ஒரு சி, ஒரு டி, முடிந்தது, இவள் எழுந்து போய்விடுவாள், அவன் வந்து பார்க்கும்போது திரையில் ஒன்றும் இருக்காது.

எதிரே இருந்தவள் அவளைப் பார்த்தாள். "வாசிங்க பாப்போம்" என்றாள்.

எமல்டா விரலை வைத்தாள், பிறகு ஏனோ உடனே வாசிக்காமல் பார்த்தாள். வீடுவீடாகப் போய்ப் பார்த்தபோதெல்லாம் அவள் முகத்தைத்தான் பார்த்திருந்தாள். இப்போது மற்றதையும் பார்த்தாள். நாலு மணி வெயில் நீலப் புடவையின் பாதியில் அப்படியே நின்றது. சி கார்டு முடிந்தபிறகு அடித்த குக்கர் விசில் அங்கே இன்னும் அடிக்கவில்லை. அந்தச் சோறு ஏழு மாதமாக வெந்துகொண்டிருந்தது. நெற்றியில் ஒரு துளி வியர்வை புருவம்வரை இறங்கி, துடைக்கக் கை வராமல் நின்றது. முக்காலியில் அன்று ஒரு கால் ஆட்டம் கண்டிருந்ததால் உடம்பின் பாரத்தை முழுக்க இடது காலில் தாங்கி உட்கார்ந்திருந்தாள். பதினொரு நிமிடத்துக்கே அன்று அந்தக் கால் வலித்தது எமல்டாவுக்கு நினைவு வந்தது.

"ஒனக்குக் கால் மரத்துப் போகலையாட்டீ?" என்று கேட்டாள்.

"வாசிங்க பாப்போம்" என்றாள் அவள்.

எமல்டா வாசித்தாள். பத்து வயதிலிருந்து ஒரு நாளும் பிசகாத சி கார்டு பிசகியது. ஆள்காட்டி விரல் முதல் கம்பியில் சாய்ந்துவிட்டது. அது வேண்டுமென்று செய்ததில்லை. கம்பி முனகிவிட்டு அடங்கியது.

"ஏட்டி, பரவால்ல" என்றாள் எதிரே இருந்தவள், எமல்டாவின் குரலிலேயே, மெதுவாக. "இன்னொரு தடவை. அவசரமில்ல."

எமல்டா கிட்டாரைத் தரையில் வைத்தாள். அப்படி ஒரு வார்த்தையை அவளிடம் யாரும் சொன்னதாக அவளுக்கு நினைவில்லை. அப்பா சொன்னதில்லை, பள்ளிக்கூடத்தில் சொன்னதில்லை, எடைமேடையில் லாரிக்காரர்கள் ஒலிப்பானை அழுத்தித்தான் பேசுவார்கள். மேசைக் காலில் சாய்ந்து உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு, ஃபுளோராவின் தையல் மிஷின் சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டுக்கொண்டிருக்கும்வரை அழுதாள். எதிரே இருந்தவள் காத்திருந்தாள். பிறகு எமல்டா எழுந்து முகத்தைக் கழுவி, கைக்குட்டையைப் பழையபடி போட்டு, கிட்டாரை அதன் இடத்தில் மாட்டினாள்.

பெர்க்மான்ஸ் வந்ததும் சொன்னாள்: "நான் அவளை முடிச்சிரலாம்னு பாத்தேன். முடிக்கலை."

அவன் கைக்குட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"நீங்க வச்சிருக்கணும்னா வச்சிருங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றாள். "ஆனா அவ எடது கால்ல ஒக்காந்திருக்கா. அந்த முக்காலி ஆடும். ஏழு மாசம்."

பெர்க்மான்ஸ் இதை யோசித்ததே இல்லை. கைக்குட்டையை விலக்கி, குனிந்து, திரையின் கீழ் விளிம்பில் தெரிந்த அந்த முழங்காலை நெடுநேரம் பார்த்தான். அன்று அவன் கிட்டாரைத் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புறவாசலில் போய் உட்கார்ந்து, "எமல், இங்க வா" என்று கூப்பிட்டான். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஃபுளோரா தன் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, தைப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டிருந்தாள்.

ஜி வாசித்தான், ஈ மைனர் வாசித்தான். சி வாசித்தான், ஆறு கம்பிகளில் ஒலிக்கவேண்டிய ஐந்தும் ஒலித்தன, முதல் கம்பி மணியாகப் பேசியது. போனுக்குள் குக்கர் விசில் அடித்தது. டி வாசித்தான். வீடியோவிலிருந்தவள் தலையசைத்தாள். "அவ்வளவுதான்" என்றாள். எழுந்தவள் தடுமாறி, இடது காலை ஊன்ற முடியாமல் நீலப் புடவையைப் பிடித்துக்கொண்டாள். புடவை ஒரு பக்கம் ஆணியிலிருந்து கழன்றது. அதைப் பார்த்து அவளே சிரித்தாள். இருபது வீட்டில் ஏழு மாதம் உட்கார்ந்திருந்தும் அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. நொண்டிக்கொண்டே முன்னால் வந்தாள். உள்ளங்கை திரையை மூடியது.

பெர்க்மான்ஸ் இருண்ட போனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தான். எமல்டா அவன் முழங்கையைத் தொட்டுக்கொண்டு இருந்தாள். ஜன்னலில் ஃபுளோரா மூக்கைச் சிந்தினாள்.

"கால் மரத்துப்போய் நொண்டிக்கிட்டுல்லா போனா" என்று ஃபுளோரா அன்றே நாலு வீட்டில் சொல்லிவிட்டாள். அது தெருவை என்னவோ செய்தது. விசிறியைத் திருப்பிவைத்தவர்கள், கைக்குட்டை போட்டவர்கள், இந்தா வாரேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள், யாருக்குமே அவள் காலைப் பற்றி நினைப்பு வந்திருக்கவில்லை. அந்த வாரம் பாய்மரத் தெருவில் ஒவ்வொரு வீடாகச் சி கார்டு சரியாக விழுந்தது. ஒரு வீட்டில் விழும்போது அடுத்த வீட்டில் கை நின்றது, பிறகு அங்கேயும் விழுந்தது. நடுவில் குக்கர் விசில்கள். தோஹாக்காரன் வேலை இடத்து முகாமில் முடித்துவிட்டு அன்றே அம்மாவுக்குப் போன் செய்து சொன்னான். ரீட்டாவால் மட்டும் முடிக்க முடியவில்லை, ஏனென்றால் அவளுக்கு உண்மையிலேயே ஒரு கார்டும் தெரியாது. இஞ்ஞாசி தினமும் கடையைப் பூட்டிவிட்டுப் போய் அவளுக்கு விரலைக் காட்டிக்கொடுத்தார். அவளுக்கு டி கார்டு வந்துசேர டிசம்பர் முழுக்க ஆயிற்று. வந்த அன்று, எழுந்து போகிறவளிடம், "கொஞ்சம் நீவி விட்டுக்கோ தாயி, தேங்காயெண்ணெய் போட்டு" என்று சொல்லியனுப்பினாள்.

இதற்கெல்லாம் பிறகு எமல்டா பொறுமைசாலி ஆகிவிடவில்லை. எடைமேடையில் "அடுத்து" என்றுதான் சொன்னாள். பெர்க்மான்ஸ் வாசித்தால், "தாளம் ஓடுது, தாளம் ஓடுது" என்று அடுக்களையிலிருந்து கத்தினாள். ஆனால் அவன் இப்போது கிட்டாரைத் திருப்பிக் கொடுக்கவில்லை. "ஓடட்டும், பின்னால போய்ப் பிடிச்சிக்கிடுதேன்" என்று அவனும் கத்தினான். தம்பியின் குரல் இவ்வளவு உயரம் போகும் என்று கூடப்பிறந்த ஃபுளோராவுக்கே தெரியாது.

தை மாதத்தில் ஒருநாள் சாயங்காலம், மறுபடி கப்பலேற மூன்று வாரம் இருக்கும்போது, அவன் ஏதோ ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தான். அதே நாலு கார்டுதான், ஆனால் வலது கை வேறு மாதிரி போயிற்று: மூன்று வீச்சு, ஒரு நிறுத்தம், அந்த நிறுத்தத்தில் உள்ளங்கையால் கம்பியில் ஒரு தட்டு, பிறகு மேல்நோக்கி இரண்டு. எமல்டா அடுக்களையிலிருந்து வந்து நின்றாள்.

"இது என்னது?"

"கப்பல்ல சமையல்காரர் ஒருத்தர், மணிலாக்காரர், அவர் வாசிப்பார்."

"நான் கேட்டதே இல்லையே. கொண்டாங்க."

கிட்டாரை வாங்கிக்கொண்டு வாசித்தாள். மூன்று வீச்சு வந்தது, நிறுத்தம் வந்தது, தட்டு முந்திக்கொண்டது. சிரித்துவிட்டு மறுபடி வாசித்தாள். இந்தத் தடவை தட்டு வந்தபிறகு மேல்வீச்சு ஒன்று குறைந்தது.

"எங்க நிக்கணும்?"

"இங்க" என்று அவன் அவள் மணிக்கட்டைத் தொட்டான்.

"வேகமா காட்டினா எப்படி விளங்கும்?"

அவன் மெதுவாகக் காற்றில் கையை வீசிக் காட்டினான். மூன்றாம் தடவையும் பிசகியது. நான்காம் தடவை முன்னைவிட மோசம். ஜன்னலிலிருந்து ஃபுளோரா, "ஏட்டி, இன்னுமா வரலை?" என்றாள்.

"நீங்க சும்மா இருங்க மைனி!"

எமல்டாவின் காது மடல் சிவந்திருந்தது. கிட்டாரை அவன் பக்கம் நீட்டிவிடலாமா என்று ஒரு கணம் அவள் கை அதன் கழுத்தை இறுக்கியது. பெர்க்மான்ஸ் அதைப் பார்த்தான், டீ தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சப்பணமிட்டு நன்றாக உட்கார்ந்துகொண்டான். ஐந்தாம் தடவையும் தட்டு முந்திக்கொண்டது. அவன் அவள் விரலைப் பார்த்தபடியே இருந்தான், வேறு எங்கும் போகவேண்டியது இல்லாதவன்போல. அவள் ஆறாவது தடவைக்குக் கையைத் தூக்கினாள்.